புஷ்ய மண்டபப் படத்தில் தண்ணீர் சேர்த்தது குற்றமா?

குடமுருட்டிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். மே மாதத்தில் ஒரு மாலை, திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் எடுத்த படம் இது. மேற்கு வெயில் தூண்கள்மேல் சாய்ந்து விழ, ஒரு பாட்டி மடித்த குடையை மடியில் வைத்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்திருந்தார். அப்படியொரு வெளிச்சம் எனக்கு இன்னொரு முறை வாய்க்காது.

ஆறுதான் காலை வாரிவிட்டது. மேட்டூர் மூடியிருந்த நேரம். மணலும், நடுவில் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதரும், கரையோரம் பிளாஸ்டிக் பைகளும்தான் இருந்தன. முன்பு ஆடிப்பெருக்கன்று அதே துறையில் நானே எடுத்த படம் கைவசம் இருந்தது. அதிலிருந்த தண்ணீரை இதில் பொருத்தி, வானத்துக்கு ஏற்றபடி நீலமாக்கினேன். குறுக்கே போன மின்கம்பியை அழித்தேன்.

கும்பகோணத்து அச்சகம் ஒன்று நாள்காட்டிக்குக் கேட்கிறது. போட்டிக்கும் அனுப்ப ஆசை. ஆனால் எங்கள் புகைப்படக் குழுவில் போட்டதும் "இது படமே இல்லை, ஏமாற்று வேலை" என்று பிடித்துக்கொண்டார்கள். வறண்ட ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஓர் ஓவியர் நிறைந்த காவிரியை வரைந்தால் கைதட்டுவார்கள். நான் கணினியில் செய்தால் மட்டும் ஏன் குதிக்கிறார்கள்? இரண்டு படமும் என்னுடையவை. துறையும் அதுவே, ஆறும் அதுவே.

வெண்ணாறு:

நாள்காட்டிக்குத் தாராளமாகக் கொடுங்கள். எமகண்டம் பார்க்க வருகிறவர் நீர்மட்டத்தையா அளக்கப் போகிறார்?

போட்டி என்றால் பிரிவைப் பார்த்து அனுப்புங்கள். ஃபியாப் என்ற சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பின் விதிப்படி நடக்கும் போட்டிகளில் இயற்கைப் பிரிவில் எதையும் சேர்க்கவோ இடம் மாற்றவோ கூடாது. வேண்டாததை விலக்க ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பொதுப் பிரிவில் இவ்வளவு கெடுபிடி இல்லை. எதற்கும் அசல் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள்.

செய்திப்படக்காரன்:

நான் பத்திரிகைக்குப் படம் எடுக்கிறவன், அதனால் கறாராகத்தான் பேசுவேன். 2014-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், நார்சிசோ கான்ட்ரேராஸ் என்ற படக்காரருடன் உறவை முறித்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர்களுடைய புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் இருந்தவர். செய்தது என்ன? சிரியப் போராளி ஒருவரின் படத்தில், மூலையில் கிடந்த சக செய்தியாளரின் வீடியோ கேமராவை அழித்துவிட்டார். போரைப் பற்றிய எந்தச் செய்தியும் அதனால் மாறிவிடவில்லை. ஆனாலும் அவரை விலக்கிவிட்டார்கள்.

நீங்கள் அழித்தது கம்பி, சரி. சேர்த்தது காவிரித் தண்ணீர் அல்லவா? கடைமடையில் பயிர் காய்கிறது என்று மறியல் நடக்கும் வாரத்தில், இந்தப் படம் கைமாறி "திருவையாற்றில் கரைபுரளும் காவிரி" என்று உலவினால் யார் பொறுப்பு? நாள்காட்டியிலிருந்து கிழிந்து வெளியே வந்த படத்துக்கு நீங்கள் விளக்கம் சொல்ல முடியாது.

பழைய இருட்டறை:

தம்பி, தஞ்சாவூரில் ஸ்டூடியோ நடத்தி ஓய்ந்தவன் நான். கணினி வந்துதான் படம் கெட்டது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். பெண் பார்க்கப் படம் எடுக்க வருவார்கள். முகத்தில் அம்மைத் தழும்பு இருக்கும். நெகட்டிவை ரீடச்சிங் மேசைக் கண்ணாடியில் வைத்து, கீழேயிருந்து வெளிச்சம் கொடுத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் ஒவ்வொரு குழியாக நிரப்புவோம். நெகட்டிவில் தழும்பின் நிழல் வெளிறித் தெரியும். பென்சில் அதைக் கறுக்க வைத்தால் அச்சில் கன்னம் சமமாகிவிடும். மாப்பிள்ளை வீட்டுக்கு அது ஏமாற்று வேலையா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். வாடிக்கையாளருக்கு அது கருணை. இரண்டும் ஒரே பென்சில்தான்.

இன்னும் பின்னால் போங்கள். 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயர் நம் பெரிய கோயிலைப் படம் பிடித்தார். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் எடுத்தால் அச்சில் நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அவர் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டினார். அதே மனிதர் கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். மேகம் தீட்டியதற்காக இன்றுவரை யாரும் அவரைத் திட்டவில்லை. கல்வெட்டில் ஓர் எழுத்தைச் சேர்த்திருந்தால் விடுவார்களா? வானத்தைப் பார்க்கிறவர் அழகைத் தேடுகிறார், கல்வெட்டைப் பார்க்கிறவர் செய்தியைத் தேடுகிறார். மே மாதக் காவிரி இந்த ஊர்க்காரர்களுக்குக் கல்வெட்டு, தம்பி. செய்திப்படக்காரர் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் நாள்காட்டியில் வருவதுகூடத் தப்பு என்கிற அளவுக்கு நான் போக மாட்டேன். படத்தின் கீழே "ஒப்பனைப் படம்" என்று இரண்டு சொல் போட்டால் போதும்.

ஒப்பனை என்றால் ஒழுங்காகச் செய்யுங்கள், எனக்கு அதுதான் கோபம். தண்ணீர் ஏறிய படித்துறையில் அலை தொட்டுத் தொட்டுப் போகும் கல் நனைந்து கறுத்திருக்கும். உங்கள் படத்தில் தண்ணீரை ஒட்டிய படியே வெளுத்துப் புழுதியோடு கிடக்கிறது. தூணில் வெயில் பொன்னாக அடிக்கிறது, ஆற்றில் ஒரு பொட்டு மினுக்கம் இல்லை. உங்கள் ஆடிப்பெருக்குப் படம் மேகமூட்டத்தில் எடுத்ததுதானே? போதாததற்கு நீலம் வேறு. ஆடிக் காவிரி கலங்கிக் காவியாக ஓடும். அந்தப் பாட்டியிடம் படத்தைக் காட்டினால், எந்த ஊர் ஆறு என்று கேட்பார்.

குடமுருட்டிக்கரை:

ஐயா, மேகமூட்டம்தான், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! போட்டிக்கு வறண்ட ஆற்றோடு உள்ள படத்தையே பொதுப் பிரிவில் அனுப்புகிறேன். காட்டாமணக்கும் பைகளும் இருக்கட்டும், மின்கம்பியை மட்டும் நான் அழிக்காமல் விடுவதாக இல்லை. நாள்காட்டிப் படத்தில் படியை நனைத்து, தண்ணீரைக் காவியாக்கி, கீழே "ஒப்பனைப் படம்" என்று போட்டு அனுப்பினேன். அச்சகத்தார் அந்த இரண்டு சொல்லுக்கு மறுப்பு சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் பழையபடி நீலமாகவே வேண்டுமாம்.