‘அப்ரப்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை எல்லா இடங்களிலும் ‘திடீர்’ என்றே எழுதலாமா?

கேள்வி:
நான் தமிழாக்கிக்கொண்டிருக்கும் ஆங்கிலக் கட்டுரையில் ‘அப்ரப்ட்’ என்ற பெயரடை, கூட்டம் ஒன்று முடிந்த விதத்துக்கும், ஓர் அதிகாரி பேசிய முறைக்கும், ஒரு மலைச்சரிவுக்கும் வருகிறது. அகராதி முதலில் தரும் ‘திடீர்’ என்ற பொருள் கூட்டத்துக்கு மட்டுமே ஒத்துவருகிறது. மற்ற இரண்டுக்கும் என்ன எழுதுவது? ‘சடன்’ என்ற சொல்லிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது?

மறுமொழி 1:
வேரைப் பார்த்தால் மூன்று பொருள்களும் ஒன்றுசேர்ந்துவிடும். விலகுதலைக் குறிக்கும் ‘அப்’ என்ற முன்னொட்டும், முறித்தலைக் குறிக்கும் ‘ரும்பெரே’ என்ற வினையும் இணைந்த லத்தீன் சொல்லிலிருந்து இது வந்தது. ‘ரப்சர்’, ‘இன்டரப்ட்’, ‘இரப்ட்’ ஆகியவையும் அவ்வினையிலிருந்து பிறந்தவையே. ஆகவே இதன் உயிர்ப்பொருள் முறிவு. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே கூட்டம் முறிந்தால் அதன் முடிவு அப்ரப்ட். சாய்வாக இறங்கிவந்த நிலம் ஓரிடத்தில் வெட்டியதுபோல் செங்குத்தாகிவிட்டால் அதுவும் அப்ரப்ட். ‘சடன்’ என்பதோ எதிர்பாராமல், நொடியில் நிகழ்வதை மட்டும் சொல்கிறது. அதனால்தான் எதிர்பாராத மரணத்துக்கும், மனத்தில் பளிச்சென்று தோன்றும் எண்ணத்துக்கும் ஆங்கிலத்தார் ‘சடன்’ என்பதையே இயல்பாகச் சேர்க்கிறார்கள். முடிவு, நிறுத்தம், புறப்பாடு, மாற்றம் ஆகியவற்றோடு ‘அப்ரப்ட்’ நன்றாக இணங்கும்.

மறுமொழி 2:
அதிகாரியைப் பற்றிய இடத்துக்குத் தமிழிலேயே அருமையான வழக்குகள் இருக்கின்றன. ‘வெடுக்கென்று பதில் சொன்னார்’, ‘முகத்தில் அடித்தாற்போல் பேசினார்’ என்பவை அந்த முறிவை அப்படியே காட்டுகின்றன. எனினும் இரண்டும் ஒரே அளவில் சுடுவதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். இந்தப் பெயரடை ஒருவரின் பேச்சுக்கு வரும்போது அவர் திட்டினார் என்று பொருளாகாது. நயமோ முகமனோ இல்லாமல், கேட்பவருக்கு இடம் கொடாமல் சுருக்கமாக முடித்துவிட்டார் என்பதே பொருள். கட்டுரையில் அவர் வேண்டுமென்றே புண்படுத்தியதாகக் குறிப்பு இல்லையென்றால் ‘வெடுக்கென்று’ போதும். எழுத்துநடையைக் குறித்து வந்தால் ‘தொடர்பறுந்த நடை’ என்பேன்.

மறுமொழி 3:
துறைவழக்கிலும் முறிவுப் பொருள் தெளிவாக நிற்கிறது. குழந்தை பிறப்பதற்கு முன்பே நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிடுவதை மருத்துவர்கள் ‘பிளாசென்டல் அப்ரப்ஷன்’ என்கிறார்கள். காலநிலை அறிவியலில் இச்சொல் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ‘யங்கர் டிரையஸ்’ என்னும் குளிர்ந்த காலகட்டம் சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தபோது, கிரீன்லாந்தின் வெப்பநிலை சில பத்தாண்டுகளுக்குள் பெருமளவு உயர்ந்ததை ‘அப்ரப்ட்’ மாற்றம் என்றே எழுதுகிறார்கள். மனித வாழ்வின் கணக்கில் அது நெடுங்காலம். ஆயினும் படிப்படியாக நகராமல் ஒரு நிலை முறிந்து மற்றொரு நிலை வந்துவிட்டது. அங்கே ‘திடீர் மாற்றம்’ என்று எழுதினால் வாசகர் ஓரிரவில் நடந்ததாக எண்ணிவிடுவார். ‘இடைநிலையின்றி நேர்ந்த மாற்றம்’ என்று விரித்து எழுதுவதே பொருந்தும்.