அப்பாவோட டிஸ்சார்ஜ் புக்ல ஸ்ரீலங்கா மெடல் விட்டுப்போச்சு, இத்தனை வருஷம் கழிச்சு சேர்க்க முடியுமா?

வேலூர்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். பட்டாளத்துல இருந்தவங்க, ரெக்கார்ட் ஆபீஸ் வேலை தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கொஞ்சம் வழி சொல்லுங்க.

எங்கப்பா 1979ல பட்டாளத்துல சேர்ந்து 1996ல நாயக் ரேங்க்ல பென்ஷன்ல வந்தவரு. ரெஜிமென்ட் பேரு வேணாம்னு அவரே சொல்லிட்டாரு அதனால இங்க போடல. 1988 ஆரம்பத்துல அமைதிப்படையில ஸ்ரீலங்கா போயி 1989 டிசம்பர்லதான் திரும்பினாரு. வவுனியா பக்கம் ரோடு கிளியர் பண்ணப் போனப்ப கண்ணிவெடி வெடிச்சு இடது கெண்டைக்கால்ல சில்லு ஏறிடுச்சு, மெட்ராஸ் மிலிட்டரி ஹாஸ்பிட்டல்ல ஒன்றரை மாசம் கெடந்தாரு, நான் அப்போ கைக்குழந்தை, அம்மா என்னைத் தூக்கிட்டு பஸ் ஏறிப் போயி பாத்தாங்களாம். ஒரு சில்லு இன்னும் உள்ளயேதான் இருக்குது, மழைக்காலம் வந்தா அந்தக் காலை நீட்டி வெச்சு தேச்சுக்கிட்டே இருப்பாரு.

விஷயம் என்னன்னா, ரெண்டு மாசம் முன்னாடி அவங்க பழைய ஆளுங்க எல்லாம் ஒரு கல்யாணத்துல சேர்ந்தாங்க, சில பேரு மெடல் போட்டுட்டு வந்திருந்தாங்க. அப்பாகூட ஒரே செக்‌ஷன்ல இருந்த மாமா மார்புல ஒரு மெடல், ரிப்பன் மேல சின்னப் பட்டையில ஸ்ரீலங்கான்னு இருந்துச்சு. எங்கப்பா கிட்ட அது இல்ல. வீட்டுக்கு வந்து டிரங்க் பெட்டியில இருந்து டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பாத்தேன். ஜம்மு காஷ்மீர் பட்டையோட சைன்ய சேவா மெடல், 9 வருஷ லாங் சர்வீஸ் மெடல், ரெண்டே ரெண்டுதான் எழுதியிருக்குது. ஸ்ரீலங்கா பத்தி ஒரு வரி இல்ல. காயம் பட்டதுக்கும் ஒண்ணும் இல்ல.

ஒரு ஆபீஸ்ல போயி கேட்டேன், முப்பது வருஷம் கழிச்சு இதை வெச்சு என்னம்மா பண்ணப் போறீங்க, பணமா வரப்போகுதுன்னு கேட்டு அனுப்பிட்டாங்க. பணம் எனக்கு வேணாங்க. அவரு அங்க போனாரு, அங்க ரத்தம் சிந்தினாருன்னு அவரு புக்ல இருக்கணும், அவ்ளோதான். அப்பா விடும்மான்னு சொல்றாரு, ஆனா அந்த மாமா மெடலை அவரு ரெண்டு விரலால தூக்கிப் பாத்ததை நான் பாத்தேன். எங்க எழுதணும், யாருக்கு எழுதணும்?

கோட்டைமேடு_குமார்:
அக்கா இதுக்கு ஏன் இவ்ளோ கவலைப்படறீங்க, டெல்லி கண்டோன்மென்ட் கோபிநாத் பஜார்ல எல்லா மெடலும் கிடைக்கும், ரிப்பன் பட்டை எல்லாம் வெச்சு வரிசையா மவுன்ட் பண்ணியே குடுப்பாங்க. என் ஃப்ரெண்டு அங்கதான் போஸ்டிங், சொன்னா வாங்கி அனுப்புவான். அப்பாவுக்கு சர்ப்ரைஸா குடுங்க.

பழைய_ஹெட்கிளார்க்:
குமார் தம்பி, நல்ல மனசுலதான் சொல்றீங்க, ஆனா அந்த வேலை வேணாம். கடையில வாங்கறது தப்பில்ல, ஒரிஜினலை பத்திரமா வெச்சுட்டு கடை மெடல் போடற ஆளுங்க நிறைய பேரு. ஆனா புக்ல எண்ட்ரி இல்லாத மெடலைப் போட்டுட்டு ஒரு ஃபங்ஷனுக்குப் போயி யாராவது ஒருத்தர் கேட்டுட்டா அந்த மனுஷன் தலை குனிஞ்சு நிக்கணும். உண்மையிலயே சம்பாதிச்சவருக்கு அந்த நிலைமை வரக்கூடாது. முதல்ல பேப்பர், அப்புறம் மெடல்.

தங்கச்சி, நான் யூனிட்லயும் ரெக்கார்ட்ஸ்லயும் சேர்த்து 22 வருஷம் கிளார்க் வேலை பாத்தவன், விவரமா சொல்றேன் பொறுமையா படிங்க.

அப்பாவுக்கு வரவேண்டியது ரெண்டு. ஒண்ணு ஸ்பெஷல் சர்வீஸ் மெடல், 1986ல கொண்டு வந்தது, ஆபரேஷன் பவன்ல, அதாவது அமைதிப்படையோட அந்த ஆபரேஷன்ல, ஸ்ரீலங்கா போனவங்களுக்கு அதுல ஸ்ரீலங்கான்னு கிளாஸ்ப் குடுத்தாங்க, நீங்க பாத்த பட்டை அதுதான். லெட்டர்ல பேரை முழுசா எழுதுங்க. விசிஷ்ட சேவா மெடல்னு ஒண்ணு தனியா இருக்கு, அது சிறப்பான சேவைக்கு ஜனாதிபதி குடுக்கறது, பேரோட அர்த்தம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கறதால மாத்தி எழுதிடுவாங்க, உடனே அப்படி ஒரு அவார்டு இல்லைன்னு பதில் வந்துரும். சேனா மெடலுக்கும் சைன்ய சேவா மெடலுக்கும் இதே குழப்பம்தான், முன்னது வீரத்துக்கு, பின்னது கஷ்டமான ஏரியாவுல சர்வீஸ் பண்ணதுக்கு.

ரெண்டாவது காயத்துக்கான மெடல், வூண்ட் மெடல்னு சொல்லுவோம், இப்ப பராக்ரம் பதக்னு பேரு. இது எதிரி தாக்குதல்ல நேரடியா பட்ட காயத்துக்கு மட்டும்தான். வண்டி கவிழ்ந்து கால் உடைஞ்சா சேராது. கண்ணிவெடின்னா கேக்கலாம், ஆனா பேப்பர் அதைச் சொல்லணும்.

இப்ப முக்கியமான இடம். டிஸ்சார்ஜ் புக் மூல ரெக்கார்டு கிடையாது. மூல ரெக்கார்டு ஷீட் ரோல்தான். ஒரு ஜவான் சேர்ந்த நாள்ல இருந்து வீட்டுக்கு வர்ற நாள் வரைக்கும் எல்லாம் அதுலதான் ஏறும். யூனிட்ல பார்ட் டூ ஆர்டர் போடுவாங்க, லீவு, கல்யாணம், குழந்தை பிறந்தது, ப்ரோமோஷன், மெடல் எல்லாத்துக்கும் பார்ட் டூ ஆர்டர்தான், அந்த நம்பரும் தேதியும் ரெக்கார்ட்ஸ்க்கு வந்து ஷீட் ரோல்ல ஏறும். பென்ஷன் போற சமயத்துல ஒரு கிளார்க் உக்காந்து ஷீட் ரோலைப் பாத்து கையால புக்ல எழுதுவான், ஒரே மாசத்துல அம்பது அறுபது பேரு போவாங்க, அங்க விட்டுப்போறது சகஜம். நானே எழுதியிருக்கேன், எவ்ளோ அவசரத்துல எழுதுவோம்னு எனக்குத் தெரியும், அதனாலதான் உங்க போஸ்டைப் பாத்ததும் விட்டுட்டுப் போக மனசு வரல.

ஆக உங்க கேஸ் ரெண்டுல ஒண்ணு. ஷீட் ரோல்ல இருந்து புக்ல மட்டும் இல்லைன்னா சுலபம், ரெக்கார்ட்ஸ் பாத்துட்டு திருத்தம் போட்டுக் குடுத்துருவாங்க. ஷீட் ரோல்லயே இல்லைன்னா யூனிட் அப்போ ஆர்டர் போடல இல்ல போட்டது போயி சேரலன்னு அர்த்தம், அதுக்கு ஆதாரம் சேர்க்கணும்.

அதனால திருத்தம் கேக்கறதுக்கு முன்னாடி காப்பி வாங்குங்க. 2005 ஆர்டிஐ சட்டத்துல 10 ரூபாய் ஃபீஸ், ஆன்லைன்லயும் போடலாம், 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா முதல் அப்பீல் இருக்கு. ஒண்ணு கவனம், உங்க பேர்ல போடாதீங்க, ஒருத்தரோட சொந்த விவரத்தை வேற ஆளுக்குத் தர மாட்டாங்க, மகளா இருந்தாலும் அப்படித்தான். அப்பா பேர்ல அப்பா கையெழுத்தோட போகணும். சர்வீஸ் நம்பர், ரேங்க், புக்ல இருக்கற அதே ஸ்பெல்லிங்ல பேரு, பிபிஓ நம்பர் (பென்ஷன் ஆர்டர் நம்பர்) போட்டு, ஷீட் ரோல் காப்பி, மெடல் சம்பந்தப்பட்ட பார்ட் டூ ஆர்டர் காப்பி, அந்தக் காயம் பத்தின கேஷுவால்டி ரிப்போர்ட், மெடிக்கல் டாக்குமெண்ட் காப்பி, இவ்ளோதான் கேளுங்க. ஏன் குடுக்கல எதுக்கு குடுக்கலன்னு எழுதாதீங்க, ஆர்டிஐ இருக்கற பேப்பரைத் தர்றதுக்குத்தான், தப்பைத் திருத்தறதுக்கு இல்ல. திருத்தத்துக்கு ஓஐசி ரெக்கார்ட்ஸ்னு, அதாவது ரெக்கார்ட் ஆபீஸ் பொறுப்பு அதிகாரிக்குன்னு போட்டு தனியா ரிஜிஸ்டர் தபால்ல மனு போகணும், அதையும் மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகம் மூலமா அனுப்பினா ஒரு ஃபார்வர்டிங் லெட்டர் சேரும், கோப்புல அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு.

ஜவான், ஜேசிஓ எல்லாருக்கும் அவங்கவங்க ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ்தான், மதராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன், எம்இஜின்னா (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) பெங்களூர். ஸ்பர்ஷ் வெப்சைட்ல போயி தேடாதீங்க, அது பென்ஷனுக்கு.

தஞ்சை_71:
கிளார்க் ஐயா சொன்னதோட என் அனுபவத்தையும் சேர்க்கறேன், இது இன்னும் தள்ளிப்போட்டுட்டு இருக்கறவங்களுக்காக.

எங்கப்பா 1971 சண்டையில மேற்கு எல்லையில இருந்தவரு, 1974ல வீட்டு நிலைமையால பென்ஷன் இல்லாம பாதியில வந்துட்டாரு. அவரு இறந்தப்புறம்தான் நான் தேட ஆரம்பிச்சேன். அப்போதான் தெரிஞ்சது, பென்ஷன் இல்லாதவங்க பேப்பரை 25 வருஷம் வெச்சிருந்துட்டு அழிச்சிருவாங்க, லாங் ரோல்னு ஒரு பெரிய ரெஜிஸ்டர்ல சுருக்கமா இருக்கற எண்ட்ரி மட்டும்தான் நிலைக்கும். எனக்கு வந்த பதில்ல சேர்ந்த தேதி, வந்த தேதி, ரேங்க், அவ்ளோதான். அந்தத் தேதிகளை வெச்சு 25வது சுதந்திர ஆண்டு மெடலைக் கேக்க முடிஞ்சது, ஏன்னா 1972 ஆகஸ்ட் 15 அன்னிக்கு சர்வீஸ்ல இருந்தாலே அதுக்குத் தகுதி. ஆனா 1971 மேற்கு எல்லைச் சண்டைக்கான பஷ்சிமி ஸ்டார் மெடலுக்கு அவரு எந்த யூனிட்ல எந்த இடத்துல இருந்தாருன்னு காட்டணும், அதுக்கு அப்பா எழுதின ரெண்டு இன்லேண்ட் லெட்டர் தவிர என் கையில ஒண்ணும் இல்ல. அந்த லெட்டர்லயும் ஊர் பேரு கிடையாது, 56 ஏபிஓன்னு பட்டாளத்துத் தபால் ஆபீஸ் நம்பர் மட்டும்தான்.

சகோதரி, உங்கப்பா பென்ஷன்காரர், உயிரோட இருக்காரு, கையெழுத்து போட முடியும். இந்த மூணும் எனக்கு இல்லாமப் போச்சு. அப்பா விடும்மான்னு சொன்னா விடாதீங்க.

வேலூர்_பொண்ணு:
ரொம்ப நன்றி ஐயா, ரொம்ப நன்றி அண்ணா. ஒரு சந்தேகம், அப்பா பேரு ஆதார்ல இனிஷியலோட ஒரு மாதிரி, டிஸ்சார்ஜ் புக்ல இன்னொரு மாதிரி, சேரும்போது யாரோ வடநாட்டு ஆளு காதுல விழுந்தபடி எழுதிட்டாராம். எது போடணும்?

அப்புறம் அப்பாவை சம்மதிக்க வைக்கறதுதான் கஷ்டமா இருக்குது. அந்த நாள் பத்தி அவரு வீட்டுல பேசினதே கிடையாது. நேத்து கேட்டதுக்கு, அங்க போனேன்னு இங்க யார்கிட்ட சொல்லிக்க முடிஞ்சுது, டீக்கடையில கூட வாய மூடிட்டுத்தான் உக்காந்திருப்பேன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு.

பழைய_ஹெட்கிளார்க்:
பட்டாளத்துப் பேப்பர்ல புக்ல இருக்கற ஸ்பெல்லிங்தான், ஒரு எழுத்து கூட மாத்தாதீங்க. ஆதார் காப்பி வெச்சா, ரெண்டும் ஒரே ஆள்தான்னு ஒரு வரி உறுதிமொழி சேர்த்துருங்க. மெடல் ஓரத்துல நம்பர், ரேங்க், பேரு பொறிச்சு வரும், அதுவும் ரெக்கார்ட்ல இருக்கற பேர்லதான் வரும்.

அப்பா சொன்னது எனக்குப் புரியுது தங்கச்சி. 1990 மார்ச்ல கடைசிப் படை கப்பல்ல மெட்ராஸ் வந்து இறங்கினப்ப அன்னிக்கு முதல்வரா இருந்த கலைஞர் வரவேற்கப் போகல, ஊர்ல இருந்த மனநிலை அப்படி. போறதா வேணாமான்னு ஜவான்கிட்ட யாரும் கேக்கல. ஆர்டர் வந்துச்சு, போனாங்க, 1,100 பேருக்கு மேல திரும்பி வரல. தமிழ் பேசற பசங்களுக்கு அங்க இருந்த வேதனை தனி, எதிர்ல இருக்கறவனும் அம்மான்னு கத்துவான். இதை எல்லாம் அப்பாவைப் பேச வைக்காதீங்க. காயம் பட்ட தேதி, இடம், கூட இருந்தவங்க, எந்த ஹாஸ்பிட்டல், இந்த நாலை மட்டும் கேட்டு எழுதிக்கோங்க. கல்யாணத்துல பாத்த மாமா இருக்காரே, அவரு புக்ல அந்த மெடலுக்கு எதிர்ல பார்ட் டூ ஆர்டர் நம்பர் இருந்தா குறிச்சுக்கோங்க, ஒரே யூனிட் ஒரே சமயம்னா உங்கப்பா பேரும் பெரும்பாலும் அதே ஆர்டர்லதான் இருக்கும்.

இன்னொண்ணு, கேஷுவால்டி ரிப்போர்ட்ல பேட்டில் கேஷுவால்டின்னு, அதாவது போர்ல பட்ட காயம்னு இருந்தா அதை பத்திரமா வைங்க. மெடலுக்குப் பணம் இல்ல, சரிதான், ஆனா அந்த வார்த்தை இருந்தா வார் இஞ்சுரி பென்ஷன் பக்கமும் ஒரு கேள்வி கேக்கலாம். அது தனி மனு, இதோட கலக்காதீங்க. எல்லாத்துக்கும் மறுத்துட்டாங்கன்னா கடைசியா சென்னையில ஆயுதப்படை தீர்ப்பாயம் பெஞ்ச் இருக்கு, மறுத்து வந்த லெட்டர்ல இருந்து 6 மாசத்துக்குள்ள போகணும், அதனால எந்தப் பதில் வந்தாலும் கவரோட வைங்க, தபால் முத்திரைத் தேதி வேணும்.

வேலூர்_பொண்ணு:
அஞ்சு மாசம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்கோங்க, ஏதாவது கையில வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்.

மாமா புக்ல ஆர்டர் நம்பர் இருந்துச்சு ஐயா, அதையே ஆர்டிஐல குறிப்பிட்டு அப்பா கையெழுத்தோட போட்டேன். முதல் பதில்ல ஷீட் ரோல் மட்டும் வந்துச்சு, அப்பீல் போட்டப்புறம் ஆர்டர் காப்பியும் வந்துச்சு. நீங்க சொன்னது அப்படியே, ஸ்பெஷல் சர்வீஸ் மெடல் ஸ்ரீலங்கா கிளாஸ்ப் ஷீட் ரோல்ல இருக்குது, புக்ல எழுதறப்ப விட்டிருக்காங்க. திருத்த மனு போயி, புக்கை ஒரிஜினலா அனுப்பச் சொன்னாங்க, பயந்துக்கிட்டே எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துட்டு அனுப்பினேன், போன வாரம் சிவப்பு மையில எண்ட்ரியும் சீலும் போட்டு திரும்பி வந்துருச்சு. மெடல் தனியா வரும்னு எழுதியிருக்காங்க.

வூண்ட் மெடலுக்குத்தான் இன்னும் போராட்டம். ஷீட் ரோல்ல காயம்னு இருக்குது, எப்படி பட்டுச்சுன்னு இல்ல. அந்த வரியை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் எழுந்து போயி டிரங்க் பெட்டியில அடியில விரிச்சிருந்த நியூஸ் பேப்பரைத் தூக்கி, அதுக்குக் கீழ இருந்து மடிச்ச ஒரு காகிதத்தை எடுத்துக் குடுத்தாரு. மெட்ராஸ் ஹாஸ்பிட்டல் டிஸ்சார்ஜ் ஸ்லிப். மைன் ப்ளாஸ்ட், ஆபரேஷன் பவன், தேதி, எல்லாம் டைப் அடிச்சு இருக்குது. இத்தனை வருஷம் அங்கதான் இருந்திருக்குது, அம்மாவுக்குக் கூடத் தெரியல.

திங்கக்கிழமை அதோட காப்பியை வெச்சு அடுத்த மனு ரிஜிஸ்டர் தபால்ல போகுது. இந்தத் தடவை கவர்ல அட்ரஸை அப்பாவே எழுதினாரு, கீழ தன் சர்வீஸ் நம்பரை புக்கைப் பாக்காமலே போட்டாரு. பதில் வந்ததும் இங்க போடறேன் ஐயா.