கார்ன் ஸ்நேக்குக்கு எந்த அளவு இரை பொருந்தும்?

கேள்வி:
என்னிடம் 60 கிராம் எடையுள்ள இளம் கார்ன் ஸ்நேக் (வீட்டில் வளர்க்கப்படும் நஞ்சற்ற பாம்பு வகை) ஒன்று வளர்கிறது. வாரம் ஒரு முறை 7 கிராம் எடையுள்ள சுண்டெலிக் குஞ்சு ஒன்றைக் கொடுத்து வந்தேன். விழுங்கி முடித்த பிறகும் அது தலையைத் தூக்கித் தேடிக்கொண்டே இருந்ததால், பசி அடங்கவில்லை என்று எண்ணி, சென்ற வாரம் 20 கிராம் எடையுள்ள வளர்ந்த சுண்டெலியைக் கொடுத்தேன். சிரமப்பட்டு விழுங்கியது, மூன்றாம் நாள் காலையில் பாதி செரித்த நிலையில் கக்கிவிட்டது. அன்று முதல் எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை. இரையின் அளவை எதைக் கொண்டு முடிவு செய்வது? இப்போதே மறுபடி உணவு கொடுக்கலாமா?

பதில்:
இப்போது கொடுக்க வேண்டாம். கக்கும்போது மேலேறி வரும் அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கும் என்பதால், 10 முதல் 14 நாள்கள் வரை தண்ணீர் மட்டும் வைத்துவிட்டு, பிறகு 3 கிராம் அளவில் மிகச் சிறிய குஞ்சு ஒன்றைக் கொடுங்கள். அதையும் கக்கினால், ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.

பாம்பின் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்புறத்தில் எலும்பாக ஒட்டாமல் நெகிழும் நாரால் இணைந்திருப்பதால், தன் தலையைவிடப் பருமனான இரையையும் அதனால் உள்ளே இழுத்துக்கொள்ள முடிகிறது. ஆகவே வாய் கொள்ளும் அளவு வேறு, வயிறு செரிக்கும் அளவு வேறு. உடலின் மிகப் பருத்த பகுதியைப் பாருங்கள். இரையின் பருமன் அதற்குச் சமமாகவோ சற்றே கூடுதலாகவோ இருந்தால் போதும். எடைக் கணக்கில், இளம் பாம்புக்கு அதன் உடல் எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு, அதாவது உங்கள் பாம்புக்கு 6 முதல் 9 கிராம் வரை. முன்பு கொடுத்துவந்த 7 கிராம் சரியான அளவுதான். இரையின் மணம் நீடிக்கும் வரை பாம்பு தேடத்தான் செய்யும். அதைப் பசி என்று கொள்ள வேண்டியதில்லை.

மற்றொரு பதில்:
இரை பெரிதாக இருந்தது உண்மைதான். ஆனாலும் கூண்டின் வெப்பமான பகுதி எத்தனை டிகிரியில் இருந்தது என்பதையும், உணவுக்குப் பின் பாம்பைக் கையில் எடுத்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். தன் உடல் வெப்பத்துக்குச் சூழலையே நம்பியிருக்கும் உயிருக்கு, குளிர்ந்த கூண்டில் அளவான இரைகூடச் செரிக்காமல் போகலாம்.

கேட்டவர்:
வெப்பமானி 25 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. உணவு கொடுத்த மறுநாளே கையில் எடுத்ததும் உண்மை. இனி 20 கிராமுக்குப் பதிலாக இரண்டு சிறிய குஞ்சுகளைக் கொடுக்கலாமா?

பதில்:
வெப்பமான பகுதியை 29 டிகிரி அளவுக்கு உயர்த்துங்கள். உணவுக்குப் பின் குறைந்தது 48 மணி நேரம் கையில் எடுக்காதீர்கள். இரண்டு குஞ்சுகள் கொடுக்கலாம், ஆனால் இரண்டின் மொத்த எடையும் அந்த 9 கிராமைத் தாண்டக் கூடாது. ரோமம் முளைக்காத குஞ்சுகளில் எலும்பு இன்னும் முற்றாததால் சுண்ணாம்புச் சத்து குறைவு. எனவே பாம்பு தேறியதும் ஒரே இரைக்குத் திரும்புவது நல்லது. மாதம் ஒரு முறை அதை எடை போட்டுக் குறித்து வையுங்கள்; முழு வளர்ச்சி அடைந்த பின் 10 முதல் 14 நாள்களுக்கு ஒரு முறை கொடுத்தால் போதுமானது.