ஓர்வால் பியர்: இந்தத் தொழுவ வாசம் சரிதானா?

வணக்கம் நண்பர்களே. பியர் விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

பெல்ஜியத்தின் ஓர்வால் மடாலயத்து பியரில் இரண்டு பாட்டில்களை நேற்று அடுத்தடுத்து ருசித்தேன். ஆல்கஹால் 6.2 சதவீதம்தான். பாட்டிலில் அடைத்த தேதி லேபிளிலேயே இருக்கும். ஒன்று மூன்று மாதம் ஆனது, இன்னொன்று என் சமையலறை அலமாரியில் ஒன்றரை வருடம் கிடந்தது.

புதியதில் ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தூக்கலாக இருந்தது: ஆரஞ்சுத் தோல், பச்சிலை மணம், நாக்கின் ஓரத்தில் நல்ல கசப்பு. பழையதோ வேறு ஆள்! ஈர வைக்கோல், பழைய தோல் செருப்பு, மழைக்கால மாட்டுத் தொழுவம் எல்லாம் சேர்ந்த ஒரு வாசம். சத்தியமாக, எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் மட்டும் முகம் சுளித்தார்கள்.

அடைக்கும்போது சேர்க்கும் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட், மிச்சமிருக்கும் சர்க்கரையை மெதுவாகத் தின்னும், அதனால் இனிப்பு வற்றி நுரை கூடும் என்று தெரியும். ஹாப்ஸ் மணம் நாளாக மங்குவதும் புரிகிறது. ஆனால் பழையதில் கடைசி மடக்கில் லேசாக வினிகர் மாதிரி ஒரு சுள்ளென்ற புளிப்பு. அது அந்தக் காட்டு ஈஸ்ட்டின் வேலையா, அடுப்புச் சூட்டில் வைத்து நானே கெடுத்துவிட்டேனா? எப்படிப் பிரித்தறிவது?

இன்னொன்று: அடியில் படிந்த ஈஸ்ட்டையும் கிளாஸில் ஊற்றுவீர்களா, விட்டுவிடுவீர்களா? நான் ஊற்றினேன், கலங்கிப் போய் கசப்பு ஏறிவிட்டது. இன்னும் நான்கு பாட்டில் மிச்சம் இருக்கிறது, அதனால்தான் அவசரம்.