புது மின்சாரக் கார் டெலிவரி அன்றே உடம்பில் குறை: நீங்கள் பார்த்தது என்ன?

செந்தூல்காரர்:

வெள்ளை நிறம், முழுசாகக் கப்பலில் வந்த வண்டி. கிள்ளான் துறைமுகம், அப்புறம் யார்டு, அப்புறம் ஷோரூம். போனெட் பளபளவென்று இருந்தது. பூட் கதவின் கீழ்ப்பாதியிலும் பின் மட்கார்டிலும்தான் விஷயம். கடுகில் கால்வாசிகூட இல்லாத ஆரஞ்சுப் புள்ளிகள், உள்ளங்கை அகலத்துக்கு நாற்பது ஐம்பது இருக்கும். வெறும் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டித் தடவியதும் மணல்தாள் மாதிரி சரசரவென்றது. சேல்ஸ்மேன் "தூசிதான், ரெண்டு தடவை கழுவினா போயிடும்" என்றார். போகாது. அது இரும்புத் துகள். கப்பலிலும் யார்டிலும் வெல்டிங், கிரைண்டிங், பிரேக் தூள் எதிலிருந்தாவது பறந்து வந்து கிளியர்கோட்டில், அதாவது நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமில்லாத பளபளப்பு அடுக்கில், குத்தி நிற்கும், ஈரம் பட்டதும் துருப்பிடிக்கும். கறுப்பு வண்டியிலும் இது உண்டு, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இதை ஷோரூமே எடுத்துத் தரணுமா, நாமே எடுத்துக்கலாமா? எப்படி எடுத்தீங்க என்று சொல்லுங்க.

பத்துமலை டீட்டெய்லர்:

கார் பெயிண்டைச் சுத்தம் செய்ய விற்கும் களிமண் கட்டி வாங்கித் தேய்த்தாலே போகும். 50 கிராம் கட்டியை மூன்றாகப் பிய்த்துத் தட்டையாக்கி, ஷாம்பூ தண்ணீரைத் தாராளமாக விட்டு, அழுத்தாமல் நேர்க்கோட்டில் ஓட்டணும். சரசர சத்தம் அடங்கினால் அந்த இடம் முடிந்தது. கட்டி கீழே விழுந்தால் எடுத்து மறுபடி தேய்க்காதீங்க, குப்பையில் போடுங்க. தரையில் ஒட்டிய ஒரு மணல் போதும் போனெட் முழுக்கக் கோடு போட.

கெப்போங் பெயிண்ட் கடை:

டீட்டெய்லர் தம்பி சொன்னதில் பாதிதான் சரி. முதலிலேயே களிமண் போட்டால் துகளின் தலை மட்டும் வெட்டுப்படும், வால் கிளியர்கோட்டுக்குள் நிற்கும். ஒரு மழைக்காலம் போனால் அதே இடத்தில் மறுபடி ஆரஞ்சு வரும். அப்படித் திரும்பி வந்த வெள்ளை வண்டிகளைப் பார்த்துத்தான் சொல்கிறேன். முறை இதுதான். வண்டி நிழலில், பேனல் தொட்டால் சூடு இல்லாத நேரத்தில் கழுவுங்க. இரும்பு கரைக்கும் திரவத்தை அடித்து மூன்று முதல் ஐந்து நிமிடம் விடுங்க. புள்ளி ஒவ்வொன்றும் ஊதாவாக மாறிக் கீழே வழியும். காயவே விடக்கூடாது, காய்ந்தால் அதுவே கறையாகும். நிறைய தண்ணீர் விட்டு அலசி, இன்னொரு தரம் அடிங்க. இரண்டாவது தடவை ஊதா வருவது குறைந்த பிறகுதான் களிமண். அதற்கு மேல் லேசான பாலிஷ், பிறகு சீலன்ட். வெயிலில் நிற்கும் வண்டியில் இந்தத் திரவத்தை அடிக்கவே வேண்டாம்.

யார் எடுப்பது என்று கேட்டீங்க. ஷோரூம்தான் எடுக்கணும். ஆனால் அவர்களுடைய வாஷ்காரர் ஒரே துணி, ஒரே வாளியோடு பாலிஷ் மெஷினைத் தூக்கினால் ஹோலோகிராம் கோடு, அதாவது வெளிச்சத்தில் தெரியும் மெஷின் தடம், போட்டுத் தருவார். செலவை அவர்கள் ஏற்கட்டும், வேலையை நீங்கள் நம்பும் கடையில் செய்யுங்க. இதை எழுத்தில் வாங்குங்க.

செராஸ் அடித்தள பார்க்கிங்:

எங்கள் கதை கதவுகளுக்கு இடையிலான இடுக்கு. வெளியே வெயிலில் வண்டியைச் சுற்றி வந்தபோது எதுவும் தெரியவில்லை. அடித்தள பார்க்கிங்கில் நிறுத்தியதும் மேலே இருந்த டியூப்லைட் கதவுகளில் நீளக் கோடாக விழுந்தது. முன் கதவில் நேராக வந்த கோடு பின் கதவின் விளிம்பில் ஒரு படி இறங்கி, பிறகு மேலே ஏறியது. அளந்தால் இடப்பக்கம் முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையில் மேலே 3 மி.மீ., கீழே 5.5 மி.மீ. வலப்பக்கம் இரண்டு இடத்திலும் 4. ஷோரூம் "ஸ்பெக்குக்குள்தான் இருக்கு" என்றது. எந்த ஸ்பெக் என்று கேட்டால் தாள் காட்டவில்லை.

அப்புறம் பின் கதவைத் திறந்து கீல் போல்ட்டைப் பார்த்தோம். ஃபேக்டரியில் கீலை மாட்டிய பிறகுதான் பெயிண்ட் அடிப்பதால் போல்ட் தலையும் வாஷரும் ஒரே தோலாக மூடியிருக்கும். இதில் மேல் போல்ட்டின் ஓரத்தில் பெயிண்ட் மயிரிழையாக வெடித்திருந்தது. யாரோ ஸ்பேனர் போட்டுத் திருப்பியிருக்கிறார்கள். லைனிலேயே சரிசெய்திருக்கலாம், யார்டில் கதவு அடிபட்டு அட்ஜஸ்ட் பண்ணியும் இருக்கலாம். அதைத்தான் கேட்கணும், அதைத்தான் கேட்டோம்.

பூட் கதவு ஒரு பக்கம் தூக்கி நின்றால் உடனே கீலைத் தொடாதீங்க. முதலில் ஓரத்தில் இருக்கும் ரப்பர் ஸ்டாப்பரை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகிப் பார்க்கணும், அடுத்து பூட்டு மாட்டும் ஸ்ட்ரைக்கர், கடைசியில்தான் கீல். சரிசெய்த பிறகு ஒரு வெள்ளி (ரிங்கிட்) பாலிமர் நோட்டை ரப்பர் சீலில் வைத்துக் கதவை மூடி இழுங்க. சுற்றிலும் ஒரே பிடிப்பு இருக்கணும். ஒரு இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே தண்ணீர் வரும். ஹோஸ் பைப்பைக் கீழிருந்து மேலாகப் பிடித்து, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று நிமிடம் விட்டு, பூட் தரைப்பலகையைத் தூக்கிக் குழிக்குள் கை வைத்துப் பாருங்க. அழகுக் குறை என்று விட்ட இடுக்கு மழையில் வேறு குறையாக மாறும்.

ஆயர் ஈத்தாம்:

பினாங்குப் பக்கம் பார்த்தது. நீல நிறம், முன் பம்பர் மூலையில் இரண்டு விரல் நீளக் கீறல். டெலிவரி எடுத்த இடம் "மூன்றே நாளில் ரீபெயிண்ட் பண்ணித் தருகிறோம்" என்றது. வண்டி திரும்பி வந்தபோது நிறம் அருமையாகப் பொருந்தியிருந்தது. ஆனால் பார்க்கிங் சென்சார் ஒன்று காலியான இடத்திலேயே கீக் கீக் என்று கத்திக்கொண்டிருந்தது. சென்சாரைக் கழற்றாமல் பம்பரோடு சேர்த்து அடித்திருக்கிறார்கள். வட்டத்தைச் சுற்றிப் பெயிண்ட் இறங்கி ஒட்டிக்கொண்டது. அந்த வட்டம் அதிர்ந்துதான் ஒலியை அனுப்பும், வாங்கும். மேலே பெயிண்ட் தடித்தாலும் ஓரம் ஒட்டினாலும் அதிர்வு கெட்டுவிடும். முன் ரேடார் பம்பருக்குப் பின்னால் இருக்கும் வண்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். ரேடாருக்கு நேர் முன்னால் புட்டி வைக்கவே கூடாது. மெட்டாலிக் நிறங்களில் இருக்கும் உலோகத் துகள் அலையைத் தடுக்கும் என்பதால் பெயிண்டின் மொத்தத் தடிப்புக்கும் தயாரிப்பாளர் எல்லை வைத்திருப்பார். கடைக்காரரிடம் அந்த எல்லை தெரியுமா என்று கேளுங்க. முழித்தால் வண்டியைக் கொடுக்காதீங்க.

இன்னொன்று, அடுப்பு. கதவு, போனெட் என்று ரீபெயிண்ட் பண்ணினால் சாதாரணமாக 60 டிகிரியில் அரை மணி, முக்கால் மணி பேக் பண்ணுவார்கள், அதாவது சூட்டில் காயவைப்பார்கள். பெட்ரோல் வண்டிக்குப் பரவாயில்லை. மின்சார வண்டியின் அடியில் பெரிய பேட்டரி படுத்திருக்கிறது. எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் ரிப்பேர் கையேட்டில் எல்லை சொல்லியிருப்பார். கழற்றக்கூடிய பேனலைத் தனியாகக் கழற்றி பேக் பண்ணச் சொல்லுங்க. கழற்ற முடியாத பின் மட்கார்டு என்றால் அந்த இடத்துக்கு மட்டும் இன்ஃப்ராரெட் விளக்கு, இல்லாவிட்டால் அடுப்பே இல்லாமல் காயும் ஹார்டனர். வண்டியை முழுசாகப் பெயிண்ட் பூத்துக்குள் தள்ளி, வெப்பத்தை ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போகிற கடைக்குக் கொடுக்காதீங்க.

சுபாங் அளவுக் கருவி:

எல்லாரும் கண்ணை நம்பி எழுதுகிறீங்க. பெயிண்ட் தடிப்பு அளக்கும் கருவி இல்லாமல் டெலிவரி எடுக்காதீங்க. நான் பார்த்த வண்டி சாம்பல் நிறம். முன் கதவு 112, 118, 115 மைக்ரான். இடது பின் கதவில் 264, 281. பெயிண்ட் வேலை அவ்வளவு சுத்தம், கண்ணுக்கு மாசு மறுவே இல்லை. ஆனால் யாரோ ஏற்கெனவே அடித்திருக்கிறார்கள்.

பயன்படுத்தும் முறை தெரியாமல் சண்டைக்குப் போகாதீங்க, அதனால் சொல்கிறேன். கருவியோடு வரும் தகட்டில் முதலில் பூஜ்யம் பிடிங்க. இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளக்கும் கருவியாகப் பார்த்து வாங்குங்க, நிறைய மின்சார வண்டிகளில் போனெட் அலுமினியம். பம்பர் பிளாஸ்டிக், அங்கே சாதாரணக் கருவி எண்ணே காட்டாது. ஒரு பேனலுக்கு ஆறு இடம் வையுங்க. ஃபேக்டரிப் பெயிண்ட் பெரும்பாலும் 90 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும், கதவு ஓரத்திலும் தூணிலும் குறைவாகத் தெரியலாம். ஒரு பேனலில் 130, அடுத்ததில் 110 என்றால் பதற வேண்டாம். பக்கத்துப் பேனலைவிட இரண்டு மடங்கு வந்தால் ரீபெயிண்ட். 500, 600 தாண்டினால் அடியில் புட்டி இருக்கு. ஃபேக்டரியிலேயே லைனின் கடைசியில் தப்பு தெரிந்தால் மறுபடி ஒரு கோட் அடிப்பார்கள், அதில் 200 மைக்ரான் கிட்ட வரும். அதனால் எண்ணை மட்டும் காட்டி மோசடி என்று கத்தாமல், கதவின் உள் விளிம்பில் மாஸ்கிங் டேப் கோடு, ரப்பரில் பெயிண்ட் சிதறல், கீல் போல்ட் வெடிப்பு இந்த மூன்றையும் சேர்த்துப் படமெடுங்க. மூன்றும் இருந்தால் யாரும் மறுக்க முடியாது.

நேரமும் முக்கியம். கோலாலம்பூரில் மூன்று மணிக்கு மேல் மழை வரும் நாள் அதிகம். காலை பத்து மணிக்கே போங்க. நனைந்த வண்டியைப் பார்க்காதீங்க, தண்ணீர்த் துளி கீறலை மறைக்கும். ஷோரூமிடம் முன்கூட்டியே சொல்லுங்க: வாக்ஸ் வேண்டாம், பாலிஷ் வேண்டாம், சும்மா கழுவி வையுங்க என்று. எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷ் கீறலை நிரப்பி இரண்டு வாரம் மறைத்துவிடும். சந்தேகம் இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நாலு மடங்கு தண்ணீர் கலந்து துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்து அடிங்க.

பத்துமலை டீட்டெய்லர்:

கெப்போங் அண்ணே சொன்ன வரிசையை ஒத்துக்கொள்கிறேன், திரவம் முதலில், களிமண் பிறகு. ஆனால் இந்த இழையைப் படிக்கிறவர்கள் சின்ன நிப் (தூசி மேடு) ஒன்றுக்காகக் கதவையே ரீபெயிண்ட் கேட்கப் போகிறார்களே என்றுதான் கவலை. கிளியர்கோட் மொத்தமே 35 முதல் 50 மைக்ரான். பெயிண்டுக்குள் மாட்டிய தூசி மேடாகத் தெரிந்தால் 3000 நம்பர் மணல்தாளைச் சின்னக் கட்டையில் ஒட்டி, அந்த மேட்டை மட்டும் தண்ணீரில் தேய்த்து, பாலிஷ் போட்டால் முடிந்தது. ஃபேக்டரிப் பெயிண்ட் 140 டிகிரி அளவுச் சூட்டில் வெந்தது. கடையில் 60 டிகிரியில் காய்ந்த பெயிண்ட் அந்தக் கெட்டிக்கு வராது. கிளியர்கோட் தாண்டாத கீறலுக்கும் தாளும் பாலிஷும் போதும். நகம் மாட்டினால் மட்டும் பெயிண்டைப் பற்றி யோசிங்க.

கெப்போங் பெயிண்ட் கடை:

இதில் தம்பியோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன். பெயிண்ட் அடித்துப் பிழைக்கிறவன்தான் சொல்கிறேன்: ஃபேக்டரித் தோலைக் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுங்க. பெயிண்ட் உடையாத நெளிவு என்றால் பின்னாலிருந்து கம்பி விட்டுத் தள்ளும் டென்ட் வேலைக்காரரிடம் போங்க. சில சிவப்பு நிறங்களிலும் பேர்ல் வெள்ளையிலும் மூன்று அடுக்கு அடிக்கணும், பக்கத்துப் பேனலிலும் நிறத்தைக் கரைத்து இழுக்காவிட்டால் வெயிலில் துண்டு துண்டாகத் தெரியும். அப்படியே அடித்தாலும் மேலே கோட்டிங், பிபிஎஃப் (பெயிண்டைக் காக்க ஒட்டும் ஃபிலிம்) எதுவும் உடனே போடாதீங்க. ஒரு மாதமாவது விடுங்க, கரைப்பான் வெளியேறணும்.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர்:

இலவச பிபிஎஃப், இலவச டின்ட் என்று டெலிவரிக்கு முன்பே ஒட்டிவிடுகிறார்களே, அதை யாரும் சொல்லவில்லை. அப்படி ஒட்டிய வண்டி ஒன்றில் ஃபிலிமுக்கு அடியிலேயே கீறல், பூட் ஓரத்தில் பிளேடு வெட்டு. பெயிண்டைப் பார்த்த பிறகுதான் ஒட்டணும் என்று புக்கிங் தாளிலேயே எழுதுங்க. டின்ட் வேலையில் கதவுப் பலகைக்கு மேல் துண்டு விரிக்கச் சொல்லுங்க, வழியும் தண்ணீர் ஜன்னல் சுவிட்ச்சுக்குள் போகும். முன் கண்ணாடிக்கு 70 விழுக்காடு, முன் பக்கக் கண்ணாடிகளுக்கு 50 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வரணும். இலவசம் என்று அதற்குக் கீழே ஒட்டினால் போலீஸ் நிறுத்துவது உங்களைத்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:

பெயிண்டைப் பேசிவிட்டீங்க, தாளைப் பேசணும். நம் மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 32-ஆம் பிரிவு, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கணும் என்கிறது. தோற்றமும் ஃபினிஷிங்கும் சரியாக இருப்பது, சின்னக் குறைகள் இல்லாமல் இருப்பது இரண்டும் அந்தத் தரத்தின் பகுதி என்று அங்கேயே எழுதியிருக்கிறது. "ஓடுதுல்ல, அழகுக் குறைதானே" என்று சேல்ஸ்மேன் சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்க.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. வாங்க ஒத்துக்கொள்வதற்கு முன்பே குறிப்பாகச் சுட்டிக்காட்டப்பட்ட குறையை வைத்துப் பிறகு கேட்க முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் டெலிவரி பாரத்தில் "இடது கதவில் கீறல்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடாதீங்க. "இடது பின் கதவு, கைப்பிடிக்குக் கீழே 4 செ.மீ. கீறல், விற்பனையாளர் தம் செலவில் இந்தத் தேதிக்குள் சரிசெய்து தருவார்" என்று எழுதி, அவருடைய கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்க. படங்களை அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்புங்க, வாட்ஸ்அப் மட்டும் போதாது.

நம் ஊரில் பேங்க் லோன், இன்சூரன்ஸ், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவு எல்லாம் முடிந்த பிறகுதான் சாவி கையில் வரும். பதிவாகிவிட்டால் வேறு வண்டி கேட்பது பெரிய போராட்டம். பதிவுக்கு முன்பே சேசிஸ் நம்பரை வாங்கி, யார்டிலோ ஷோரூமிலோ ஒரு தடவை பார்க்க விடச் சொல்லுங்க. கேட்டால் விடுகிற இடங்கள் இருக்கின்றன. எழுதிக் கொடுத்தும் செய்யவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 வெள்ளி வரை கோரலாம், பாரம் 1, கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று வருடத்துக்குள் போடணும். கம்பெனி பெயரில், தொழிலுக்காக எடுத்த வண்டிக்கு இது பொருந்தாது.

செந்தூல்காரர்:

அக்கா சொன்ன வாசகத்தை அப்படியே எழுதி, புள்ளிகளை 20 சென் காசை அளவுக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து மின்னஞ்சல் அனுப்பியாச்சு. ஷோரூம் செலவை ஏற்றது. நிழலில் இரண்டு தடவை திரவம். முதல் தடவை பூட் கதவு முழுக்க ஊதாக் கண்ணீராக வழிந்தது, இரண்டாவது தடவை ஏழெட்டுப் புள்ளிதான். பிளாஸ்டிக் பையை மாட்டித் தடவினால் இப்போது சத்தமே இல்லை. பின் மட்கார்டின் அடி ஓரத்தில் மட்டும் மூன்று புள்ளி நிற்கிறது, பெயிண்ட் தடிப்பு அங்கே 94 மைக்ரான். கெப்போங் அண்ணே, அந்த ஓரத்தில் மெஷின் வைக்கலாமா, கையாலேயே தேய்க்கணுமா?

கெப்போங் பெயிண்ட் கடை:

கையால். விளிம்பில் கிளியர்கோட் மெல்லிசு, மெஷின் ஒரே இழுப்பில் தின்றுவிடும். விளிம்புக் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, திரவத்தைப் பஞ்சில் நனைத்து அந்த மூன்று புள்ளி மேல் மட்டும் மூன்று நிமிடம் வைங்க. கழுவிவிட்டு மறுபடி ஒரு தடவை. களிமண் கடைசியில்.