நானூறு மீட்டர் மலையிடுக்கு: ஓடும் நீருக்குப் புதிய நண்பனை கயாக்கில் கூட்டிப்போகலாமா?

கரையோரன்:
நாங்கள் நான்கு பேர், கயாக் என்கிற சிறு துடுப்புப் படகில் போகிறவர்கள். அகலமாக வரும் ஆறு ஓரிடத்தில் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே நுழைந்து ஓடும். இடுக்கின் மொத்த நீளமே 400 மீட்டர்தான். ஓட்டத்தின் கடுமையை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பதில் இது சாதாரணமாக மூன்றாம் தரம், நீர் ஏறினால் நான்கு. மூன்று பேருக்கு இது பழகிய ஆறு. நான்காவது நண்பன் குளத்தில் ரோல் (கவிழ்ந்த படகை உள்ளே இருந்தபடியே நிமிர்த்துவது) பிரமாதமாகப் போடுவான், ஆனால் ஓடும் நீருக்குப் புதியவன். இப்போது மழையால் நீர் ஏறியிருக்கிறது. கூட்டிப்போகலாமா? எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது.

நுரைப்பிரியன்:
தாராளமாகப் போகலாம். நொடிக்கு 3 மீட்டர் வேகம் என்று வைத்தாலும் இரண்டேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். கவிழ்ந்து வெளியே வந்துவிட்டாலும் மல்லாந்து படுத்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டிக்கொண்டால் கீழே உள்ள மடு அவனை வாங்கிக்கொள்ளும். நீர் ஏறியிருப்பதும் நல்லதுதான், முட்டுகிற பாறைகளில் பாதி மூழ்கியிருக்கும். பயந்துகொண்டே இருந்தால் ஒருவனும் ஆற்றுக்குப் பழக மாட்டான்.

பாறைமுனை:
அந்தக் கணக்கு, இரண்டேகால் நிமிடமும் அவன் நகர்ந்துகொண்டே இருந்தால்தான். ஹோல் எனப்படும் நீர்ச்சுழலில் மாட்டினால் நகர்வே இல்லை. பாறையைத் தாண்டி விழும் நீர் அடியில் போய்விடும், மேல்நீர் மட்டும் திரும்பி வந்து ஆளை மறுபடி அருவிக்கு அடியில் தள்ளும். திறந்த ஆற்றில் ஓரமாக ஒதுங்கித் தப்பலாம். இடுக்கில் ஹோல் சுவரிலிருந்து சுவர் வரை இருந்தால் ஓரம் ஏது?

பாறை மூழ்கும் என்கிறீர்கள். மூழ்கிய பாறைதானே ஹோலை உண்டாக்குகிறது! இன்னும் நீர் ஏறினால் சில ஹோல் கரைந்துபோகும், சில இரண்டு மடங்கு பெரிதாகும். எது எப்படி ஆகும் என்று கரையில் நின்று பார்க்காமல் சொல்ல முடியாது. நொடிக்கு 30 கன மீட்டர் ஓடுகிறது என்றால் நொடிக்கு 30 டன் எடை அந்தச் சந்துக்குள் நுழைகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆள்மீது விழும் அழுத்தம் நான்கு மடங்கு.

நுரைப்பிரியன்:
பாறைமுனை அண்ணா, எல்லா ஹோலும் ஆளைப் பிடித்துவைப்பதில்லை. இரண்டு முனைகளும் ஓட்டத்தின் திசையில் வளைந்திருந்தால் அதுவே ஓரமாக வெளியே தள்ளிவிடும். ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் வளைந்து நடுவுக்கு இழுப்பதுதான் ஆபத்து. தெரிந்தவன் முன்னால் போக, புதியவன் அவன் போன வழியிலேயே ஒட்டிப் போனால் போதும். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். அவனுக்கு ரோல் வேறு வருகிறது.

பாறைமுனை:
குளத்து ரோலை இங்கே கணக்கில் எடுக்காதீர்கள். குளத்தில் மூச்சை இழுத்துக்கொண்டு, துடுப்பைச் சரியாக வைத்துக்கொண்டு, தனக்கு வசதியான பக்கம் கவிழ்வான். இடுக்கில் பாதி மூச்சில் கவிழ்வான். நுரையில் காற்றுதான் அதிகம், துடுப்புக்குப் பிடிமானம் கிடைக்காது. எழ வேண்டிய பக்கத்திலேயே சுவர் இருக்கலாம். முன்னால் போகிறவனை ஒட்டிப் போவதும் அவன் கண்ணில் படுகிற வரைதான். ஒரு இறக்கத்தில் அவன் இறங்கியதும் தலை மறைந்துவிடும், பின்னால் வருபவனுக்கு நீர் ஒரு கோடாக முடிவதுதான் தெரியும்.

மடுவாசி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். சுவர் அடியில் குடைந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? நீர் சுவரில் மோதி நுரைத்துத் திரும்பினால் படகையும் ஓரளவு தள்ளிவிடும். நுரையே இல்லாமல் சுவருக்குள் சத்தமின்றிப் போனால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பார்வைக்கு அமைதியாக இருப்பதால் புதியவர்கள் அங்கேதான் ஒதுங்கப் பார்ப்பார்கள்.

கரையோரன்:
இடது சுவர் ஓரிடத்தில் நீங்கள் சொல்வது போலத்தான் இருக்கிறது. வலதுபக்கம் மேலே நடந்து பார்க்க வழி உண்டு. நண்பனிடமும் பேசினேன். "நான் படகில் வரவில்லை, மேலே நின்று கயிறு வீசுகிறேன்" என்கிறான்.

நுரைப்பிரியன்:
இதைத்தான் சொன்னேன். எல்லாருமாகப் பயமுறுத்தி அவனைக் கரையில் ஏற்றிவிட்டீர்கள்.

பாறைமுனை:
அவன் தானாகச் சொன்னதை ஏன் பயம் என்கிறீர்கள்? நண்பர்கள் கூட்டத்தில் "வரவில்லை" என்று வாய் திறப்பதே பெரிய பாடு. ஆனால் கரையோரன், கயிறு வேலையும் லேசு இல்லை. த்ரோ பேக்கில் (கயிறு அடைத்த வீசும் பை) பெரும்பாலும் 15 முதல் 20 மீட்டர் கயிறுதான் இருக்கும். சுவர் உயரமாக இருந்தால் அதில் பாதி உயரத்திலேயே போய்விடும். கயிறு எட்டினாலும் நீரில் விழுந்தவரை நேரே மேலே தூக்க முடியாது, ஓட்டத்தோடு ஊசலாடவிட்டுக் கரை ஒதுங்குகிற இடத்தில் சேர்க்க வேண்டும். அதனால் அவன் நிற்க வேண்டிய இடம் இடுக்கின் நடுவில் இல்லை, இடுக்கு முடிகிற வாய்ப்பகுதியில், மடுவுக்குச் சற்று மேலே. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. காலூன்றும் பாறை வழுக்கினால் உட்கார்ந்துகொண்டு பிடிக்கட்டும். அதற்கு முன் நீங்களே ஆளுக்கொரு தடவை மடுவில் குதித்து, அவனைக் கயிறு வீசிப் பழகச் சொல்லுங்கள்.

சைகையையும் முன்பே பேசிவையுங்கள். துடுப்பை நிமிர்த்திப் பிடித்தால் வரலாம், தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் நில். கை காட்டினால் போக வேண்டிய பக்கத்தை மட்டும் காட்டுங்கள். ஆபத்தைச் சுட்டிக்காட்டினால் வருபவன் அதைத்தான் வழி என்று எடுத்துக்கொள்வான்.

நுரைப்பிரியன்:
சரி, கயிறு பிடிக்கட்டும். அவன் துடுப்பு போடுவது எப்போது?

பாறைமுனை:
நீர் இறங்கி மூன்றாம் தரத்துக்கு வந்த பிறகு. அதுவரை இடுக்குக்கு மேலே உள்ள அகலமான ஓட்டத்தில் எடி பிடித்துப் பழகட்டும், அதாவது பாறைக்குப் பின்னால் நீர் திரும்பித் தேங்கும் இடத்துக்குள் படகைத் திருப்பி நிறுத்துவது. குறித்த எடியில் தவறாமல் நிற்க வந்துவிட்டால் நானே கூட்டிப்போகச் சொல்வேன்.

நுரைப்பிரியன்:
நீர் இறங்கினால் பாறை இடுக்குகள் வெளியே தெரியும், படகு செருகிக்கொள்ளும். அப்போதும் வேண்டாம் என்பீர்களோ?

பாறைமுனை:
போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பேன். மழையில் மரம் ஏதாவது அடித்து வந்து குறுக்கே கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கரையோரன்:
நாளைக் காலை வலதுபக்கம் நடந்து பார்க்கிறோம். மடுவாசி, அந்த இடது சுவரைப் படம் எடுத்துப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.