ஹாலே சுவடிக் காப்பகம் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். என் மகள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யுஎஸ்) மூன்றாம் ஆண்டு. அக்டோபரில் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் ஜெர்மனி போகிறாள். கல்விக் கட்டணம் இங்கேயே கட்டுவதால் அந்தக் கவலை இல்லை.

அவள் மனமெல்லாம் ஹாலே நகரத்து ஃபிராங்கே அறக்கட்டளைக் காப்பகத்தில்தான். 1706இல் தரங்கம்பாடி வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய தமிழ் ஓலைச்சுவடிகள் அங்கே இருக்கின்றன. ராத்திரி சாப்பாட்டு மேசையில் சுவடிப் படத்தைப் பெரிதாக்கி, புள்ளியில்லாத எழுத்துகளை விரல்வைத்துக் கூட்டிப் படிக்கிறாள். பார்க்கவே நெஞ்சு நிறைகிறது.

இளங்கலை மாணவிக்கு மூலச்சுவடியைப் பார்க்கக் கொடுப்பார்களா? பேராசிரியர் கடிதம் வேண்டுமா? அந்தப் பாதிரியார்களின் பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்க சிங்கப்பூரில் யாராவது சொல்லித் தருவார்களா? இதுதான் அவசரம். அனுபவமுள்ள அண்ணன்மார், அக்காமார் தயவுசெய்து எழுதுங்கள்.